தோள் தெரியிற கண்ணாடி

கிளிநொச்சி
12.08.2024

அன்புள்ள மருமகள் சிவரூபிக்கு, மாமா வீரகத்தி எழுதிக்கொள்வது. இஞ்ச நானும் மாமியும் சுகம். மாமிக்கு முழங்கால் நோ. எனக்கு ஒரு நோவும் இல்லை. போன கிழமை பிரசர் பாத்த டொக்டர், இப்பிடியொரு பிரசரைத் தான் படிச்ச புத்தகத்திலதான் கண்டது எண்டு நேர்சைக் கூப்பிட்டுக் காட்டினவர். உன்ர சுகம், உன்ர மனிசன் நிரஞ்சன்ர சுகம், உன்ர அம்மா, என்ர தங்கச்சி இராசேஸ்வரியின்ர சுகம், மூண்டுக்கும் தனித்தனியாப் பதில் போடு.

போன் இருக்க ஏன் கடிதம் எண்டு நிரஞ்சன் கேப்பான். என்ர வலது காது சண்டைக்குள்ள விழுந்த ஷெல்லோட போனது. இடது காதில போனை வைச்சா ஒரு கையாலதான் வியாபாரம் செய்யலாம். பாசல் போற பஸ்ஸிலயே கடிதமும் போகட்டும். கொண்டக்டர் பரமேஸ்வரன் நம்பிக்கையான ஆள், பிரிச்சு வாசிச்சாலும் வெளியில சொல்லமாட்டான்.

ஆறு வருசம் என்ர ஸ்பெயார் பாட்ஸ் கடையில நிண்டு தொழில் படிச்சிட்டு, இப்ப ஓமந்தையில ஏ-ஒன்பது றோட்டோரமாத் தனிக்கடை போட்டிட்டாய். சந்தோசம். எனக்கு ஒரு பொறாமையும் இல்லை எண்டதை முதல் கடிதத்திலயே எழுதி வைக்கிறன். மாமி வேற மாதிரி நினைக்கிறா.

சீற் எப்பிடி இருக்கு எண்டு மாமியிட்டக் கேட்டியாம். பழைய வானில கழட்டிப் பலகையில பூட்டி, முன்னுக்கு ஸ்டியரிங் வைச்ச சீற் இருந்த இடத்திலதான் இருக்கு. நான் கண்ணாடியைப் பிடிப்பன், நீ அதில இருந்து பாத்து "தெரியுது மாமா" எண்டாத்தான் சைட் கண்ணாடி எங்கட றாக்கையில ஏறும், இல்லாட்டித் திரும்பிப் போகும். வேற எந்தக் கடையில அப்பிடிப் பாக்கினம்? உன்ர இடத்துக்கு ஆள் இல்லையெண்டு யோசிக்காதே. மூண்டு பேர் வரிசையில நிக்கினம்.

இன்னொரு விசயம். ஆறு வருசமாச் சித்திரை வருசப்பிறப்பில என்ர கடையின்ர முதல் சாமானை உன்ர கையாலதான் வாங்கினனீ. அந்தக் கைவியளத்துக்குப் பிறகு வருசம் முழுக்க வியாபாரம் ஓடினது எண்டு சனம் சொல்லும். இனி உனக்குச் சொந்தக் கடை, நீ வரத் தேவையில்லை. கைராசிக்காரர் கிளிநொச்சியில நிறையப் பேர்.

அன்பு மறவாத,
வீரகத்தி
(கிளிநொச்சியின் கண்ணாடிக்காரன்)


ஓமந்தை
25.08.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் மூண்டு பேரும் சுகமா இருக்கிறம். அம்மா உங்கட பிரசரைக் கேட்டுச் சிரிச்சவா. மாமிக்கு ஒரு எண்ணெய் பாசலோட வருகுது, இரவில பூசச் சொல்லுங்கோ.

கடை சின்னன் மாமா. ரெண்டு றாக்கை, ஒரு மேசை. பின்பக்கத்தில அவர் வெல்டிங் செய்யிறார். உங்கட கடையைப் போல வர எங்களுக்கு எத்தினையோ வருசம் செல்லும்.

வரிசையில நிக்கிற மூண்டு பேரில ஒராளின்ர பேரையாவது எழுதுங்கோ. சீற்றின்ர இடப்பக்கக் கம்பி தேய்ஞ்சு போய்க் கிடக்கு, அதில இருக்கிற ஆள் கொஞ்சம் வலப்பக்கமாச் சரிஞ்சு இருக்கவேணும். சொல்லிவிடுங்கோ.

வருசப்பிறப்புக்கு இன்னும் எட்டு மாசம் கிடக்கு.

உங்கள் மருமகள்,
சிவரூபி


கிளிநொச்சி
20.09.2024

பிரியமான சிவரூபிக்கு,

கடவுள் கிருபையால இஞ்ச எல்லாரும் சுகம். எண்ணெய் பூசி மாமி இப்ப ஓடித் திரியிறா, போன சனிக்கிழமை பஸ்ஸை முந்திக்கொண்டு சந்தைக்குப் போனவா.

பரந்தன் வான்காரர் இஞ்ச வந்து, உன்ர கடைக்குப் பெரிய பெயர்ப்பலகை போட்டிருக்கு, இரவில லைற்றும் எரியுது எண்டு சொன்னவர். அவர் பத்து வருசமா என்ர வாடிக்கை. ஓமந்தையில தேத்தண்ணிக்கு நிப்பாட்டினவராம், உன்ர கடையில வலப்பக்கக் கண்ணாடியும் மாத்தினவராம். என்ர கடைக்கு முன்னால வானை நிப்பாட்டி, அந்தக் கண்ணாடியில மீசையைத் தடவிக்கொண்டு நிண்டு இதைச் சொல்லுறார். நல்ல கண்ணாடி, மீசைதான் சரியில்லை எண்டு மட்டும் சொன்னனான்.

பெயர்ப்பலகை எத்தினை அடி நீளம் எண்டு எழுது. சும்மா அறியத்தான். நானும் ஒண்டு செய்விக்கிறன், உன்ரயை விட ரெண்டடி கூட. ஏ-ஒன்பதில போற பிளேனுக்கும் தெரியுமாம் எண்டு பெயின்ற் அடிக்கிறவர் சொன்னவர்.

சீற்றில இருக்கிற ஆளின்ர பேர் இப்ப ஞாபகம் வரேல்ல. கெட்டிக்காரன்.

உன் நலம் விரும்பும்,
வீரகத்தி
(வன்னியின் சைட் கண்ணாடிச் சக்கரவர்த்தி)


ஓமந்தை
06.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

இஞ்ச எல்லாரும் சுகம், அங்கயும் அப்பிடியே இருக்க அம்மா விளக்கு வைச்சுக் கும்பிடுறா.

பெயர்ப்பலகை ஆறடி. லைற் எங்கடையில்லை, றோட்டு லைற் அதில படுகுது.

போன செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணத்தில இருந்து வந்த பஸ் எங்கட கடைக்கு முன்னால கொஞ்சம் நிண்டது. யன்னல் கரையில தொப்பி போட்ட ஒரு ஐயா, கடைக்கு முன்னால நிண்ட வாகனங்களை விரல் மடிச்சு எண்ணிக்கொண்டிருந்தார். இறங்குவார் எண்டு தேத்தண்ணிக்குத் தண்ணி வைச்சனான். பஸ் வெளிக்கிட்டிட்டுது.

கொழும்பிலயிருந்து நூறு சோடி கண்ணாடி வந்தது. ஒவ்வொண்டா இருந்து பாத்தனான், பதினெட்டைத் திருப்பி அனுப்பிட்டன். உங்களுக்குப் பாதி எடுத்து வைச்சிருக்கிறன், வாங்கின விலைக்கு. பரமேஸ்வரன் அண்ணையிட்டக் குடுத்துவிடட்டோ?

அன்புடன்,
சிவரூபி


கிளிநொச்சி
21.10.2024

மருமகளுக்கு,

சுகம். நீங்களும் சுகமா இருப்பியள்.

அந்தத் தொப்பிக்காரன் நானில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கடையை விட்டு அசையேல்ல. என்னைப் போல களையான முகம் வன்னியில இன்னும் ரெண்டு மூண்டு பேருக்கு இருக்கு. பதினொரு வாகனம் நிண்டா அது ஒரு பெரிய கூட்டமும் இல்லை.

உன்ர பாதி எனக்கு வேண்டாம், நீயே வைச்சு வில். நான் வெளிநாட்டில இருந்து நேர இருநூற்றி நாப்பது சோடி எடுப்பிக்கிறன், நடுவில ஆரும் இல்லை. அங்கத்தைய முதலாளி என்ர பேரைக் கேட்டதும் கதிரையை விட்டு எழும்பினவராம். விலை நீ வாங்கினதில பாதி. எப்பிடிப் பாதி எண்டு கேக்காதே, அதுதான் அனுபவம்.

வடமாகாணக் கண்ணாடி வேந்தன்,
வீரகத்தி


ஓமந்தை
02.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

மழை தொடங்கிட்டுது. அம்மாவுக்குத் தடிமன், மற்றும்படி சுகம். மாமியின்ர முழங்காலுக்குக் குளிர் படாமப் பாருங்கோ.

ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிற நாடுகளில கழிச்ச கண்ணாடியும் பாதி விலைக்கு வருகுது. பாத்தா ஒரே மாதிரித்தான் இருக்கும். எங்கட வாகனத்தில பூட்டினாச் சரிவுதான் பிழைக்கும். எல்லாத்தையும் எடுக்க முதல் ஒரு சோடியை மட்டும் எடுப்பிச்சு, சீற்றில ஆரையும் இருத்திப் பாருங்கோ. ஆள் இல்லையெண்டா ஒரு சொல் எழுதுங்கோ. காலமை பஸ்ஸில வந்து பின்னேரம் திரும்பிடுவன்.

அன்புடன்,
சிவரூபி


கிளிநொச்சி
11.01.2025

அன்பின் சிவரூபிக்கு,

தைப்பொங்கலுக்கு முதல் இந்தக் கடிதம் கிடைக்கவேணும். எல்லாரும் சுகமோ? ரெண்டு மாசமாப் பதில் போடேல்ல. இரணைமடுக் குளம் நிரம்பி, வான்கதவு திறந்து, ஊரெல்லாம் தண்ணி. எந்தக் கதவை முதல் திறக்கிறது எண்டு இஞ்சினியர்மார் என்னட்ட வந்து கேட்டவை. அதில நேரம் போட்டுது.

என்ர கண்ணாடியள் வந்திட்டுது. கடைக்கு முன்னால காலமையில இருந்து ஒரே கூட்டம், றோட்டை மறிச்சு வாகனம் நிக்குது. நீ வந்து பாத்தா மயங்கி விழுவாய். நல்ல கனமான கண்ணாடி, வெளிநாட்டுக் குணம். சில ஆக்கள் மட்டும் ஒரு சின்னக் குறை சொல்லுகினம். இடப்பக்கக் கண்ணாடியில றோட்டுத் தெரியேல்லையாம், கரையில இருக்கிற வயல்தான் தெரியுதாம். வலப்பக்கக் கண்ணாடியில தங்கட தோள்தான் தெரியுதாம். வயலும் பச்சைப்பசேலெண்டு கிடக்கு, தோளும் கடவுள் தந்தது, பாத்தா என்ன எண்டு கேட்டனான். பழகப் பழகச் சரிவரும்.

இப்படிக்கு,
இலங்கைத்தீவின் கண்ணாடிப் பேரரசன்,
வீரகத்தி

பிள்ளை, மாமி எழுதிறன். மனிசன் கடிதத்தை ஒட்டாமல் வைச்சிட்டுச் சாப்பிடப் போட்டுது. கூட்டம் வந்தது மெய்தான். எல்லாம் கண்ணாடியைத் திருப்பிக் குடுக்க வந்த சனம். பரந்தன் வான்காரர் எல்லாருக்கும் முன்னால, உன்ர மருமகளை விட்டிட்டு நீ ஏன் கடை திறந்து வைச்சிருக்கிறாய் எண்டு கேட்டுப்போட்டார். அண்டைக்கு மனிசன் சாப்பிடேல்ல. சீற்றில ஒருத்தரும் இருக்கிறேல்ல. நீ போன நாளிலயிருந்து ஒரு ஆளையும் அதில இருக்க விடேல்ல. தானே கண்ணாடியைக் கயித்தில கட்டித் தூக்கிப்போட்டு ஓடிப்போய் இருந்து பாக்குது. இருக்கிறதுக்கிடையில கண்ணாடி திரும்பிடுது. திரும்ப எழும்பி ஓடுது. இதை நான் எழுதினதாக் காட்டிக்கொள்ளாதே.


ஓமந்தை
18.01.2025

அன்புள்ள மாமாவுக்கு, மாமிக்கு,

பொங்கல் நல்லாப் போச்சுது. அம்மா உங்கட பேரைச் சொல்லித்தான் முதல் அகப்பை எடுத்தவா. எல்லாரும் சுகம்.

உங்கட கடையில கூட்டம் எண்டு கேட்டுச் சந்தோசம்.

இஞ்ச அவருக்கு வெல்டிங் வேலை கூடிப்போச்சுது. காலபோக நெல் வெட்டுத் தொடங்கப்போகுதெல்லோ. போன வருசம் ஸ்கந்தபுரப் பக்கம் நெல்லேத்தின உழவு மிசின் ஒண்டு திரும்பேக்க, இழுவைப் பெட்டிக்குப் பின்னால சைக்கிளில வந்த மனிசியைக் காணாமல் இடிச்சுப்போட்டுது. கால் முறிஞ்சதோட தப்பியிட்டா. இந்த முறை அங்கத்தைய கமக்காரர், பெட்டியைத் தாண்டிப் பின்னால தெரியிற மாதிரி மிசினுக்குக் கண்ணாடி வேணும் எண்டு தேடித் திரியினம்.

வருசப்பிறப்பண்டு எத்தினை மணிக்குக் கடை திறப்பியள்? அம்மா கேக்கச் சொன்னவா.

அன்புடன்,
சிவரூபி


கிளிநொச்சி
16.02.2025

பாசமுள்ள மருமகளுக்கு,

நான் நல்ல சுகம், மிச்சம் நல்ல சுகம். பத்து வயது குறைஞ்சு போனன். கண்ணாடி பாத்துத்தான் சொல்லுறன்.

இதைக் கேள். ஸ்கந்தபுரத்தில இருந்து நல்லதம்பி எண்டொரு கமக்காரர் உழவு மிசினில வந்து இறங்கினார். கண்ணாடிக்கு வீரகத்தி எண்டு நாடு முழுக்கக் கதையாம், தேடி வந்தவராம். றாக்கையைப் பாத்தார், ஒரு வார்த்தை பேரம் பேசேல்ல, நாப்பது சோடியைப் பெட்டியில ஏத்திக்கொண்டு போட்டார். மற்றக் கிழமை திரும்பி வந்து மிச்சம் முழுக்க எடுத்தார். உழவு மிசினில ஆள் இருக்கிறது நடுவில, இடமும் வலமும் அதுக்கு ஒண்டுதான், நீளக் கம்பியில பூட்டி வேண்டின பக்கம் திருப்பினா எல்லாம் தெரியும். இதை முதலே யோசிச்சுத்தான் நான் அந்தக் கண்ணாடியை எடுப்பிச்சனான். வானுக்கு வித்தது சனத்தின்ர அவசரத்தால வந்த பிழை.

நீ எடுத்த நூறு சோடியில எத்தினை போச்சுது? மனம் உடையாதே. தொழில் சிலருக்கு இரத்தத்தில இருக்கும், சிலர் பாத்துப் பழகவேணும். நேரம் கிடைச்சா வா, சொல்லித் தாறன்.

வருசப்பிறப்புக்குக் கடை எத்தினை மணிக்குத் திறந்தா உனக்கென்ன? இந்த முறை கைவியளத்துக்கு நல்லதம்பியைக் கூப்பிடப்போறன். கைராசி எண்டா அவரின்ர கைதான்.

உழவு மிசின் கண்ணாடியைக் கண்டுபிடித்த,
வீரகத்தி


ஓமந்தை
25.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லாரும் சுகம்.

கண்ணாடியெல்லாம் போனது நல்ல சந்தோசம். நல்லதம்பி ஐயா நல்ல மனிசன் எண்டு இஞ்சயும் சனம் சொல்லுது. அவரையே கூப்பிடுங்கோ.

சிவரூபி


ஓமந்தை
21.03.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமா இருக்கிறியளோ? மூண்டு பாசல் வந்தது, ஒண்டிலயும் கடிதம் இல்லை. பரமேஸ்வரன் அண்ணையைக் கேட்டா, குடுத்தா வாங்கிறன், குடுக்காட்டி நான் என்ன செய்ய எண்டு சொல்லுறார். மாமி போன் எடுத்தாச் சமையல் கதைதான் கதைக்கிறா. அம்மா பயப்பிடுறா. நானும்தான்.

ஒரு வரி எழுதுங்கோ. பிரசரைப் பற்றியெண்டாலும் பரவாயில்லை.

சிவரூபி


கிளிநொச்சி
09.04.2025

அன்புள்ள பிள்ளை சிவரூபிக்கு,

நான் சுகம். பிரசர் கொஞ்சம் கூட. டொக்டர் நேர்சைக் கூப்பிட்டது மெய்தான், உப்பைக் குறைக்கச் சொல்லு எண்டு அவவிட்டச் சொல்லத்தான் கூப்பிட்டவர்.

மாசி மாசம் முடிய இரணைமடுவுக்கு மீன் வாங்கப் போனனான். வாய்க்கால் றோட்டில நெல் மூட்டையோட உழவு மிசின் வரிசையா வருகுது, ஒவ்வொண்டிலயும் என்ர கண்ணாடி. மார்பை நிமித்திக்கொண்டு கரையில நிண்டனான், ஆரும் என்னை அடையாளம் கண்டு நிப்பாட்டுவினம் எண்டு. ஒரு மிசின் நிண்டது. கண்ணாடியைத் தடவிப் பாத்தனான், பிறகு அது பூட்டியிருக்கிற கம்பியைப் பாத்தனான். வளைவில மூண்டு பொட்டு வெல்டிங். உலகத்தில வேற எல்லாரும் ரெண்டு பொட்டு வைக்கிற இடத்தில மூண்டு பொட்டு வைக்கிற விசரன் நிரஞ்சன் ஒருத்தன்தான். உன்ர கலியாணத்துக்கு அவன் செய்து தந்த என்ர கடைக் கேற்றிலயும் மூண்டு பொட்டுத்தான்.

நேர நல்லதம்பியின்ர வளவுக்குப் போனனான். மனிசன் முதல்ல மழுப்பினார். பிறகு தலையைச் சொறிஞ்சுகொண்டு, "ஓமந்தக் கடைப் புள்ளதாங்க அனுப்பிச்சு. மாமா பேரச் சொல்லித்தான் வாங்கணும், எம் பேரச் சொல்லக்கூடாதுன்னுச்சு" எண்டார். வாங்கின மீனையும் அவரின்ர வீட்டிலயே விட்டிட்டு வந்திட்டன்.

கோவம் எண்டா அப்பிடியொரு கோவம். என்னை ஒராள் ஏமாத்தினா நான் பொறுப்பன். நான் ஏமாந்ததை ஒராள் பாத்துக்கொண்டு, அதையும் மறைச்சு, நான் பெருமை அடிக்கிறதுக்கும் ஓம் ஓம் எண்டு பதில் போட்டா அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது? மாமியோடயும் கதைக்கேல்ல. என்ர பொங்கல் கடிதத்தின்ர அடியில அவா எழுதினதையும் பிறகு சொன்னவா.

போன கிழமை பழைய கடிதமெல்லாம் எடுத்து வாசிச்சனான். உன்ர கடிதத்தில ஒரு பொய்யும் இல்லை. என்ரயில ஒரு மெய்யும் இல்லை. அதால இப்ப எழுதிறன். பஸ்ஸில இருந்து எண்ணினது நான்தான். பதினொண்டு. திரும்பி வரேக்க இன்னொரு முறை எண்ணினனான், ஒன்பது, அண்டைக்கு இரவு நல்ல நித்திரை. இருநூற்றி நாப்பது சோடி எண்டது நூற்றி இருபது சோடி. எட்டடிப் பெயர்ப்பலகையும் செய்விக்கேல்ல. பொறாமை இல்லை எண்டு எழுதின முதல் கடிதத்தை அடுப்பில வை. நீ போன அண்டைக்கு, சீற்றில உன்ர சீப்பு ஒண்டு கிடந்தது. எடுத்து வைக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. இவள் என்னட்டப் படிச்சதை எடுத்துக்கொண்டு போட்டாள் எண்டு நினைச்சுக்கொண்டே அதைப் பாத்துக்கொண்டிருந்தனான். கண்ணாடியை நான் பிடிச்சனானே தவிர, பாத்தது முழுக்க நீயெண்டு விளங்க எனக்கு இவ்வளவு கண்ணாடி தேவைப்பட்டிருக்கு.

இனிச் செய்யப்போறதைக் கேள், மறுத்துக் கதைக்காதே. எனக்கு வாற கண்ணாடியெல்லாம் முதல் ஓமந்தையில இறங்கட்டும். நீ இருந்து பாத்துத் தெரியுது எண்டு சொன்னதை மட்டும் பரமேஸ்வரன் இஞ்ச கொண்டு வரட்டும். அதுக்குச் சீற் உன்ர கடையில இருக்கவேணும். தேய்ஞ்ச கம்பி மாத்தியாச்சு, நீ சரிஞ்சு இருக்கத் தேவையில்லை.

வருசப்பிறப்பண்டு காலமை முதல் பஸ்ஸில சீற்றோட வாறன். உன்ர கடையின்ர முதல் சாமானை நான்தான் வாங்குவன், முழு விலைக்கு. எதை வாங்கிறது எண்டு அங்க வந்து யோசிக்கிறன், உன்ர கடையில நல்லதும் இருக்கும். பிறகு நீயும் நிரஞ்சனும் தங்கச்சியும் என்னோட கிளிநொச்சிக்கு வாறியள். என்ர கடையின்ர முதல் சாமான் உன்ர கையால. எத்தினை மணிக்குத் திறப்பியள் எண்டு கேட்டனீ. நீ வந்து சேருற நேரம்தான் திறக்கிற நேரம்.

நல்லதம்பி கோவிக்கமாட்டார். மீன் நல்லா இருந்ததாம்.

மாமா

பின்குறிப்பு: சீற்றை பஸ்ஸுக்கு மேல ஏத்த விடமாட்டன் எண்டு பரமேஸ்வரன் நிண்டவன். இது சும்மா சீற் இல்லையடா, வடமாகாணத்திலயே பெரிய கண்ணாடிக் கடைக்குப் போகுது, என்ர மருமகளின்ர கடை, ஏழு பேர் வேலை செய்யினம், ஒவ்வொருத்தனுக்கும் நீலச் சேட்டு எண்டு சொன்னாப் பிறகுதான் ஓமெண்டவன். வருசப்பிறப்பண்டு இறங்கி நிண்டு பாக்கப்போறானாம். பஸ்ஸிலயிருந்த சனமும் கேட்டது. நீயும் நிரஞ்சனும் போக இன்னும் அஞ்சு பேர் தேவை. அஞ்சு நாள் கிடக்கு, சேட்டுக்கு நான் துணி கொண்டு வாறன்.